சிக்கனம் தந்த சிறு கணிப்பொறி

கணிப்பொறியின் சரித்திரத்தை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தையும் ஆற்றலையுமே பேசுவர். ஆயினும், "எவ்வளவு வேகம் கூடும்?" என்று கேளாமல் "எவ்வளவு இருந்தால் போதும்?" என்று கேட்டவர்களின் சரித்திரம் ஒன்றும் உண்டு. மலிவான சிறு மடிக்கணிப்பொறிகளும், மின்சாரத்தைச் சிறிதே கொள்ளும் செயலிகளும் தோன்றிய வரலாறே அது.

அதன் தொடக்கத்தை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் காண்கிறோம். அங்கே ஏகார்ன் என்னும் நிறுவனத்தில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவர் புதிய செயலி ஒன்றை வகுத்தனர். செயலி என்பது கணிப்பொறிக்கு மூளையாக அமைந்த சிறு சில்லு. அச்சில்லைப் பீங்கான் உறையில் பொதிந்தால் விலை ஏறும். பிளாஸ்டிக் உறை மலிவு, ஆனால் மிகுந்த வெப்பத்தைத் தாங்காது. ஆகவே, ஒரு வாட்டுக்கு மேல் மின்சாரம் கொள்ளலாகாது என்று அவர்கள் எல்லை வகுத்துக்கொண்டனர். 1985 ஏப்ரலில் சில்லு கைக்கு வந்தபோது, அது ஒரு வாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே கொள்வதைக் கண்டனர். விலையைக் குறைக்க முனைந்தவர்க்கு மின்சிக்கனம் கொசுறாகக் கிடைத்தது. ஆர்ம் என்பது அச்செயலிக் குலத்தின் பெயர்.

அக்குலத்துச் செயலி ஒன்றைக் கொண்டே நம் நாட்டிலும் ஓர் அரிய முயற்சி நடந்தது. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்துப் பொறியாளர்களும் கூடி, 'சிம்ப்யூட்டர்' என்னும் கையடக்கக் கணிப்பொறியை உருவாக்கினர். 2001-ல் அதன் மாதிரியை வெளியிட்டனர். எழுத்தறியாதவரும் திரையைத் தொட்டு இயக்கலாம். இந்திய மொழிகளில் அது படித்துச் சொல்லக் கேட்கலாம். தனியே வாங்க இயலாத ஊரார் பலர் ஒரே பொறியைப் பகிர்ந்துகொள்ளவும் வழி செய்திருந்தனர். ஆயினும், 2004-ல் விற்பனைக்கு வந்த அதனை வாங்கியவர் சில ஆயிரவரே.

இதற்கிடையில் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரோபாண்டி, குழந்தைக்கு ஒரு மடிக்கணிப்பொறி வேண்டும், அதன் விலை நூறு டாலராக இருத்தல் வேண்டும் என்று 2005-ல் அறிவித்தார். நல்ல வெயிலிலும் படிக்கத்தக்க திரையோடு 2007-ல் அது வெளிவந்தது. விலையோ 188 டாலராயிற்று. உருகுவே நாடு 2009-க்குள் அரசாங்கத் தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் அதனை வழங்கிற்று. இந்திய அரசாங்கம் 2006-லேயே அத்திட்டத்தை ஏற்க மறுத்துவிட்டது.

ஏழைக் குழந்தைக்கென எழுந்த எண்ணத்தை வாணிக உலகம் விரைந்து பற்றிக்கொண்டது. தைவான் நாட்டு ஏசூஸ் நிறுவனம் ஏழு அங்குலத் திரையும் ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையும் கொண்ட 'ஈ பிசி' என்னும் பொறியை 2007-ல் விற்பனைக்குக் கொணர்ந்தது. மறு ஆண்டே இன்டெல் நிறுவனம் ஏறத்தாழ இரண்டரை வாட்டில் இயங்கும் 'ஆட்டம்' செயலியை அளித்தது. பிற நிறுவனங்களும் போட்டியிட்டு இறங்கின. ஆனால், 2010-ல் தொடுதிரைப் பலகைகள் பரவவே மக்களின் நாட்டம் அவற்றின்பால் திரும்பிற்று. 2013-க்குள் சிறு மடிக்கணிப்பொறிகளின் காலம் முடிந்தது.

அப்படியாயின், அம்முயற்சிகள் அனைத்தும் வீண்தானா? அன்று. "சிறுகக் கட்டிப் பெருக வாழ்" என்னும் நம் முதுமொழிக்கு இச்செயலிகளே சான்று. ஜப்பானின் கோபே நகரில் நிறுவப்பட்டு, 2020-ல் உலகிலேயே மிக வேகமானது என்று பெயர் பெற்ற 'ஃபுகாக்கு' பெருங்கணிப்பொறி ஆர்ம் குலத்துச் செயலிகளால் ஆனதே. தொலைவில் வாழும் நாம் ஊரிலுள்ள பெற்றோரின் முகத்தைக் கைபேசியில் கண்டு பேசுவதும் பெரும்பாலும் அக்குலத்துச் செயலிகளால்தான்.

எனினும், பொறி மலிந்தது. கல்வி மலிந்ததா என்பதை நாம் கேட்டாக வேண்டும். நெக்ரோபாண்டியின் பொறிகளைப் பெற்ற பெரு நாட்டுச் சிற்றூர்ப் பள்ளிகளை ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2012-ல் வெளிவந்தது. கணிதத்திலோ மொழியிலோ மாணவரின் தேர்ச்சி உயர்ந்ததாக அதில் தென்படவில்லை. செயலியை வகுத்தோர் தம் வேலையைச் செவ்வனே முடித்துவிட்டனர். அதைக் கையில் வாங்கிய குழந்தையின் அருகே அமர்ந்து கற்பிக்க ஆசிரியர் வேண்டும். அதன் தாய்மொழியில் பாடங்கள் வேண்டும். அவற்றை ஆக்கும் பொறுப்பு நம்முடையது. அவ்வேலை இன்னும் முடியவில்லை.