பதினாறு கட்டங்கள்

டிரம் மெஷினைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள்தாம் கேட்கின்றன. மனிதக் கையை இயந்திரம் ஒழித்தது என்பது ஒன்று. அந்த இயந்திரத்தைக் கம்ப்யூட்டர் விழுங்கியபோது மிஞ்சியிருந்த உயிரும் போயிற்று என்பது மற்றது. இரண்டிலும் ஆதங்கம் இருக்கிற அளவுக்குச் சரித்திரம் இல்லை. தாளத்தைப் பெட்டியில் கோப்பதற்கும் திரையில் கோப்பதற்கும் இடையில் மாறியது என்ன என்று பார்க்க விரும்புகிறேன். சங்கீதக்காரர்களின் தொழில் விவகாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. யாப்பைக் கைவிட்டு எழுதுகிறவர்களுக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

1931இல் அமெரிக்க இசையமைப்பாளர் ஹென்றி கவல் கேட்டுக்கொண்டதன் பேரில் லியோன் தெரெமின் 'ரித்மிகான்' என்ற கருவியைச் செய்தார். ஒன்றிலிருந்து பதினாறு வரையிலான வேகங்களை ஒரே சமயத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒலிக்க அதில் முடிந்தது. கை வாசிக்கிறதை இயந்திரத்திடம் ஒப்படைக்க கவல் நினைக்கவில்லை. கைக்கு எட்டாததைக் கேட்டுப் பார்க்க நினைத்தார். இதே கவல் பின்னர் சென்னைக்கு வந்து இங்குள்ள சங்கீதத்தைக் கேட்டார். அவருடைய பதின்மூன்றாவது ஸிம்ஃபனிக்கு 'மெட்ராஸ்' என்று பெயர். 1959இல் வந்த வுர்லிட்ஸர் கம்பெனியின் 'ஸைட் மேன்' வேறு ஜாதி. மோட்டாரால் சுழலும் தட்டு ஒன்று மின்தொடர்புகளைத் தொட்டுத் தொட்டு, வீட்டில் ஆர்கன் வாசிப்பவருக்குத் தாளம் போட்டது. ரகத்தைத் தேர்ந்துகொள்ளலாம், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். புதிதாக ஒன்றைக் கோக்க இடமில்லை. எட்டாததைத் தேடிய கருவி, பக்கவாத்தியத்துக்கு ஆள் கிடைக்காத குறையைத் தீர்க்க வந்த கருவி என்று ஆரம்பத்திலேயே இரண்டு நோக்கங்கள் இருந்திருக்கின்றன.

கோப்பது என்ற காரியம் பரவலாகக் கைக்கு வந்தது 1980இல். அந்த ஆண்டு ரோஜர் லின் செய்த எல்எம்-1, உண்மையான டிரம்களின் ஒலியைப் பதிந்து வைத்து ஒலித்தது. விலை ஐயாயிரம் டாலரை ஒட்டியிருந்தது. ஐந்நூறு சொச்சம்தான் செய்யப்பட்டன. ரோலண்டின் டிஆர்-808 மலிவு. ஒலிகளை மின்சுற்றுகளே உண்டாக்கின. டிரம் போலவே கேட்கவில்லை என்ற குறை சொல்லப்பட்டது. 1983இல் உற்பத்தி நின்றபோது சுமார் 12,000 பெட்டிகள் வெளிவந்திருந்தன. அதன் முகப்பில் வரிசையாகப் பதினாறு பொத்தான்கள். விளக்கு ஒவ்வொன்றாகக் கடந்து போகும். ஐந்தாவதை அழுத்தினால் சுற்று திரும்பி வரும்போது ஐந்தாவதில் அடி விழும். பிடிக்கவில்லையென்றால் மறுபடி அழுத்தி எடுத்துவிடலாம். இதற்குள் தாளம் நிற்பதில்லை, அடுத்த சுற்று வந்துகொண்டேயிருக்கும். முடிவு அதற்குள் எடுக்கப்பட வேண்டும்; எடுப்பது காது.

பதினாறு என்பது நாலு நாலாகப் போகும் மேற்கத்திய எண்ணிக்கை, நமக்கு ஒவ்வாது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் சுற்றைப் பதினாறுக்கு முன்பே முடித்துக்கொள்ள அந்தப் பெட்டியில் வழியிருந்தது. பதினான்கில் நிறுத்தினால் மிஸ்ர சாபு. 1982இல் பம்பாயில் சரண்ஜித் ஸிங் இதே 808ஐயும் டிபி-303 என்ற இன்னொரு ரோலண்ட் பெட்டியையும் சேர்த்து ஓட்டி, மேலே ஸின்தஸைஸரில் பத்து ராகங்களை வாசித்து ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அது கவனிப்பாரற்றுப் போயிற்று. 2010இல் மறுபதிப்பாக வந்தபோது, பின்னால் சிகாகோவில் பிறந்த நடன இசையின் சாயல் அதில் முன்கூட்டியே இருப்பதைக் கேட்டு மேற்கில் ஆச்சரியப்பட்டார்கள். பெட்டி இசைவது அதன் முன்னால் உட்காருகிறவரைப் பொறுத்தது.

1983இல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்து, வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின. 1985இல் மிடி வாயில்களை உடலிலேயே கொண்ட அட்டாரி எஸ்டி கம்ப்யூட்டர் வந்தது. 1989இல் அதற்காக க்யூபேஸ் என்ற மென்பொருள். அதில் பாட்டு முழுவதும் இடமிருந்து வலமாகப் பட்டை பட்டையாகத் திரையில் விரிந்து கிடந்தது. சுற்றி வந்த காலம் இப்போது ஒரு நீளம். தமிழிலும் இதே ஆண்டுகள்தாம். 1986இல் 'புன்னகை மன்னன்' இசைக்கு இளையராஜா ஸீக்வென்ஸரைப் பயன்படுத்தினார். ஆயினும் வாசிப்பதற்கு முன்பே இசையைத் தாளில் முழுதாக எழுதி முடிப்பது அவர் வழக்கம். இயந்திரம் அங்கே இன்னொரு வாத்தியக்காரர். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டிப் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்தார், 1992இல் 'ரோஜா'. பாடுகிறவரும் வாசிக்கிறவரும் தனித்தனியே வந்து பதிந்துவிட்டுப் போக, எது எங்கே என்பது பிற்பாடு தீர்மானமாயிற்று. எழுதியபின் ஒலிப்பது என்ற வரிசை, ஒலித்தபின் எழுதுவது என்று திரும்பிக்கொண்டது.

வங்கி வேலையில் நாள் முழுவதும் திரையின் கட்டங்களில் எண் இடுகிறவன் நான். கட்டத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் பெட்டியில் ஒரு சுற்று திரும்ப நிகழ்கிறது. திரையில் அது நகலாகிறது. நாலு சுற்றைக் கோத்து அறுபத்துநாலாகப் பரப்ப ஒரு நொடி போதும், ஒருமுறைகூடக் கேட்க வேண்டியதில்லை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போகும் பஸ்ஸில், குண்டனி நாட்டுப் பையன் ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் தாளம் கோத்துக்கொண்டிருந்தான். பதினாறு கட்டங்கள், நிறம் நிறமாக நிரப்பினான், கலைத்தான். ஒலியை அணைத்து வைத்திருந்தான். கேட்காமல் எப்படித் தெரியும் என்றேன். "பாத்தாலே தெரியுதுங்களே" என்றான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 1980இன் விலையில் அந்தப் பெட்டிகள் குண்டனி நாட்டுக்கு ஏறி வந்திருக்கப் போவதில்லை, கைபேசி வந்திருக்கிறது. பழைய பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வதும் பரிகாரமில்லை. 2014இல் ரோலண்ட் டிஆர்-8 என்று மறுபடி ஒரு பெட்டி கொண்டுவந்தது. பதினாறு பொத்தான்கள் இருந்தன. உள்ளே பழைய மின்சுற்றுகள் இல்லை, அவற்றைப் பாவிக்கும் மென்பொருள் இருந்தது. ஆகவே பெட்டியா திரையா என்பதைவிட, முடிவெடுப்பது காதா கண்ணா என்று கேட்பதே பொருத்தம்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் பழைய பதில் ஒன்று உண்டு. மிருதங்கக்காரர் கோர்வையை முதலில் சொற்கட்டாக வாயில் சொல்கிறார். தோலைத் தொடுமுன்பே தாளம் முழு உருவில் இருக்கிறது, கருவியை விட்டுத் தனியாக. மென்பொருள் என்றே சொல்லலாம். ஆனால் அது வாயில் ஓடுகிறது, ஓடும்போது மட்டுமே இருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில், ஓரியின் காட்டில், வேட்டுவனாக எதிர்ப்பட்டவன் முன் பாடத் தயாராகும் பாணர் தலைவன், முழவுக்கு மண் பூசி யாழுக்குப் பண் நிறுத்தச் சொல்வதாக வன்பரணர் பாடியிருக்கிறார். அந்தக் காடு இந்தக் கொல்லிமலைதான். முழவின் கண்ணில் பூசும் மண் போதுமா என்பதைக் கண் சொல்லாது, தட்டிக் கேட்க வேண்டும்.

யாப்பைக் கைவிட்டபோது கட்டத்திலிருந்து விடுபட்டோம் என்று நாம் எண்ணினோம். வரியை எங்கே முறிப்பது என்ற பொறுப்பு அப்போது நம் கைக்கு வந்தது. அதைப் பெரும்பாலும் கண்ணிடம் ஒப்படைத்திருக்கிறோம். பக்கத்தின் வெள்ளையைப் பார்த்து முறிக்கிறோம்; ஒலியை அணைத்துவிட்டுக் கோக்கிறோம். வெண்பா எழுதியவனுக்குத் தளை தட்டினால் வாய் சொல்லிவிடும். நமக்குச் சொல்ல என்ன இருக்கிறது? வெண்பாவுக்குத் திரும்பச் சொல்லவில்லை நான். அடுத்த முறை கூடும்போது பிரதியை யார் கையிலும் தராமல் கவிதைகளை வாசித்துப் பார்க்கலாம். வரி எங்கே முறிகிறது என்று கேட்கிறவர்களுக்குத் தெரிகிறதா என்பதை அப்போது பேசலாம்.