நல்லவனா வாழ்ந்தா போதுமா? ராம்மோகன் ராயும் மார்ஷ்மேனும் போட்ட சண்டை

ராஜா ராம்மோகன் ராய்னு சொன்னா நமக்கு ஞாபகம் வர்றது ரெண்டே விஷயம்தான்: சதி ஒழிப்பு, பிரம்ம சமாஜம். அஞ்சு மார்க் கேள்விக்கு அது போதும். ஆனா இதே மனுஷன் மூணு வருஷத்துக்கு மேல, பைபிளைக் கையில வெச்சுக்கிட்டு மிஷனரிகளோட சண்டை போட்டிருக்கார். இன்னைக்கு அந்தக் கதைதான்.

1820, கல்கத்தா. 'இயேசுவின் கட்டளைகள்'னு பொருள் வர்ற தலைப்புல ஆங்கிலத்துல ஒரு சின்ன புத்தகம் வருது. தொகுத்தவர் பேர் அதுல இல்ல. நாலு சுவிசேஷத்துல இருந்தும் இயேசுவோட போதனைகளை மட்டும் எடுத்திருக்கார். மலைப்பிரசங்கம் இருக்கு, உவமைகள் இருக்கு. அற்புதங்கள் இல்ல, உயிர்த்தெழுதல் இல்ல. எங்க பாஷையில சொன்னா, ரெப்போவை ஃபோர்க் பண்ணி பாதி ஃபைலை டெலீட் பண்ணிட்டார். அதுக்கு அவர் சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அற்புதக் கதைகளுக்கு இந்த நாட்டுல பஞ்சமே இல்ல, இதைவிடப் பெரிசா நம்மகிட்டயே இருக்கு, அதனால அதைச் சொல்லி இங்க யாரையும் அசைக்க முடியாதுன்னார். (கிட்டத்தட்ட அதே நேரத்துல அமெரிக்காவுல தாமஸ் ஜெஃபர்சனும் பைபிளை வெட்டி ஒட்டி இதே மாதிரி ஒண்ணு செஞ்சார். ஆனா அவர் அதைத் தனக்குள்ளயே வெச்சுக்கிட்டார்.)

புத்தகத்தை அச்சடிச்சது பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம். அடிச்சதும் பாப்டிஸ்ட் மிஷனரிகள்தான். கல்கத்தாவுக்குப் பக்கத்துல, டேனிஷ்காரங்க கையில இருந்த செராம்பூர்ல இருந்தவர் ஜோஷுவா மார்ஷ்மேன். நெசவாளி வீட்டுப் பிள்ளை. வங்காளத்துல உட்கார்ந்துக்கிட்டே பைபிளைச் சீன மொழிக்குக் கொண்டுபோன ஆள். அவங்க பத்திரிகையில வந்த விமர்சனம், தொகுத்தவரை 'அஞ்ஞானி'ன்னு சொன்னது. ராம்மோகனுக்கு அது சுருக்குன்னு தைச்சது. 'உண்மையின் நண்பன்'கிற புனைபெயர்ல பதில் எழுதினார்.

மார்ஷ்மேனை வில்லனாக்கிடாதீங்க. 1517ல லூத்தர் கிளப்பிவிட்ட சண்டையோட மையமே, மனுஷன் தன் நற்கிரியைகளால இல்ல, விசுவாசத்தால கிருபையா இரட்சிக்கப்படுறான்ங்கிறதுதான். அந்த மரபுல வந்தவருக்கு, சிலுவையை விட்டுட்டு கட்டளையை மட்டும் கொடுக்கிறது, டயட் சார்ட்டைக் கொடுத்துட்டு மருந்தை ஒளிச்சு வைக்கிற மாதிரி. உவமை என்னுது, கவலை அவரோடது.

ராம்மோகன் லூக்கா 10ஐக் காட்டினார். நித்திய வாழ்வுக்கு என்ன செய்யணும்னு ஒருத்தன் கேட்கிறான். கடவுளை நேசி, அடுத்தவனை நேசி, இதைச் செஞ்சா பிழைப்பாய்னு இயேசுவே முடிச்சுடறார். அதுக்கு மேல எதுக்கு ஒரு கோட்பாடு?

மார்ஷ்மேன் பக்கத்துல இருந்து திரும்பி வந்தது கூர்மையான கேள்வி: சரி, அதை முழுசா செஞ்சவன் யாரு? ஒருத்தனைக் காட்டுங்க.

எனக்கு இந்தச் சண்டையோட உயிரே இங்கதான் இருக்கு. 'நல்லவன் சொர்க்கத்துக்குப் போவானா'ங்கிறது இல்ல விஷயம். தோத்துப்போனவனை என்ன செய்யறதுங்கிறதுதான். மனந்திரும்பினா போதும்னார் ராம்மோகன். ஆதாரம், லூக்கா 15ல வர்ற கெட்ட குமாரன். சொத்தையெல்லாம் அழிச்சுட்டு வர்ற மகனை அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கிறார். நடுவுல யாரும் பலியாகல. குத்தவாளிக்காக நிரபராதியைத் தண்டிக்கிறது நீதியான்னும் கேட்டார். மனந்திரும்புதலே போதும்னா சிலுவை எதுக்குன்னு மார்ஷ்மேன் கேட்டார். ஒரு விஷயத்துல அவர் பக்கம் நியாயம் இருக்கு. முதல் புத்தகத்துல பவுலோட நிருபங்களே இல்ல. டேட்டாவை ஃபில்டர் பண்ணிட்டு ரிசல்ட்டைக் காட்டறோமேன்னு எந்த ரிவ்யூவரும் கேட்பார்தான்.

ராம்மோகன் விடல. எபிரேயம், கிரேக்கம்னு மூலத்துக்கே போய், 1821ல ரெண்டாவது பதில் எழுதினார். மூணாவதை அச்சடிக்க மிஷன் அச்சகம் மறுத்துடுச்சு. சொந்தமா அச்சகம் வெச்சு 1823ல கொண்டுவந்தார்.

இதுக்கு நடுவுல மிஷனரிகளுக்கு ஒரு பெரிய அடி. வில்லியம் ஆடம்னு ஒரு பாப்டிஸ்ட் மிஷனரி, ராம்மோகனோட சேர்ந்து சுவிசேஷங்களை வங்காளியில மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தார். யோவான் 1:3ல, எல்லாம் அவரால் உண்டானதா, அவர் மூலமா உண்டானதா? ஒரு கிரேக்க இடைச்சொல்லைப் பத்தின தகராறு. 'மூலமா'ன்னு போட்டா, இயேசு கடவுளுக்குக் கருவி ஆயிடறார். அவர் மரணம் உலகத்தோட பாவத்தைச் சுமக்குங்கிற வாதமும் ஆட்டம் காணுது. 1821ல ஆடம் திரித்துவத்தையே விட்டுட்டு யூனிடேரியன் ஆயிட்டார். 'ரெண்டாவது தடவை விழுந்த ஆதாம்'னு கல்கத்தாவுல கிண்டல் பண்ணாங்க. (நம்ம சென்னைக்காரங்களுக்கு ஒண்ணு: புரசைவாக்கத்துல வில்லியம் ராபர்ட்ஸ்னு ஒரு தமிழர், 1813லயே யூனிடேரியன்களுக்கு ஆலயம் கட்டியிருந்தார்.)

வாதத்துல யாரும் யாரையும் ஜெயிக்கல. ஆனா சதியை எதிர்க்கிறதுல மட்டும் ரெண்டு தரப்பும் ஒரே பக்கம். ஒரேயடியா தடைச் சட்டம் போடறதுல ராம்மோகனுக்குத் தயக்கம் இருந்தது. சட்டம் வந்தபிறகு அதுக்காக லண்டன் வரைக்கும் போய் நின்னார்.

1829 டிசம்பர்ல பெண்டிங்க் அந்தத் தடையைக் கொண்டுவந்தார். வங்காளியில மொழிபெயர்க்கச் சொல்லி உத்தரவு செராம்பூருக்கு, மார்ஷ்மேனோட கூட்டாளி வில்லியம் கேரிகிட்ட வந்தது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. அன்னைக்குக் கேரி பிரசங்கம் பண்ணணும். விசுவாசத்தால மட்டுமே இரட்சிப்புன்னு வாழ்நாள் முழுக்கச் சொன்ன மனுஷன், வேற ஆளைப் பிரசங்கத்துக்கு அனுப்பிட்டார். ஒரு நாள் தள்ளிப்போனா ஏதோ ஒரு ஊர்ல இன்னொரு சிதை எரியும். பண்டிதரைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, பொழுது சாயறதுக்குள்ள மொழிபெயர்ப்பை முடிச்சார்.