தேரோடும் வீதியில் பாட்டிக்கு இடம் உண்டா?

எங்கள் காஞ்சிபுரத்தில் ராஜ வீதியைக் கடக்க என் பாட்டிக்குப் பயம். இத்தனைக்கும் அது தேர் ஓடுவதற்காகவே அகலமாக விட்ட வீதி! 1914-ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், காஞ்சியின் அமைப்பைப் பார்த்து வியந்து பாராட்டினார்.

அகலம் மட்டுமா காரணம்? திருவிழாவில் தேர், காலையில் நெசவாளர் தெருக்களில் பாவு, மற்ற நேரம் மாட்டுவண்டி, நடப்பவர்கள். எல்லாமே ஏறக்குறைய நடை வேகம்தான். அதனால் எல்லோருக்கும் இடம் இருந்தது. பஸ்ஸும் பைக்கும் வந்தபின் அந்த வேகம் போனது, ஓரத்தை பார்க்கிங் பிடித்தது.

சென்னை மாநகராட்சி நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை 2014-ல் ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதையும் வந்தது. காஞ்சிக்கு அகலம் ஏற்கெனவே இருக்கிறது நண்பர்களே, வேகத்தைக் குறைத்தால் போதும். பாட்டி தானே கடந்துவிடுவார்.