தேவி மாகாத்மியம்

தேவி மாகாத்மியம் வடமொழி நூல். பரம்பொருளைப் பெண்ணாகவே முன்வைத்து, அதை முழு நீளக் கதையாகச் சொன்ன வடமொழி நூல்களில் இதுவே முதலாவது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கின்றனர். மார்க்கண்டேய புராணத்தின் 81 முதல் 93 வரையுள்ள 13 அத்தியாயங்களே இந்நூல். துர்கா சப்தசதி, சண்டி, சண்டி பாடம் என்ற பெயர்களும் இதற்கு உண்டு. காலம் பொதுவாகக் கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகள் எனக் கொள்ளப்படுகிறது. ராஜஸ்தானின் நாகௌர் மாவட்டத்தில் ததிமதி மாதா கோயில் கல்வெட்டொன்றில் இந்நூலின் சுலோகம் ஒன்று காணப்படுகிறது. அந்தக் கல்வெட்டை 608ஆம் ஆண்டுக்குரியதாகப் பலர் கருதுகின்றனர்.

நூல் தோன்றும் முன்பே அதன் பொருள் சிதறிக் கிடந்தது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் வாக்கு என்னும் தேவி தன்னைப் பற்றித் தானே பேசுகிறாள். கேன உபநிடதத்தில் இந்திரனுக்குப் பிரம்மத்தை அறிவிப்பவள் உமா ஹைமவதி. மகாபாரதத்தின் பிற்காலச் சுவடிகளில் துர்கைத் துதிகள் இரண்டு உள்ளன. புனே பண்டார்கர் நிறுவனம் வெளியிட்ட ஆய்வுப் பதிப்பு அவற்றை இடைச்செருகல் என்று பின்னிணைப்புக்கு அனுப்பிவிட்டது. எருமை அசுரன் மகிஷனைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. மகாபாரத வன பருவத்தில் மகிஷனைக் கொல்பவன் ஸ்கந்தன், தேவி அல்ல. ஆனால் குஷாணர் காலத்து மதுராச் சிற்பங்களில் எருமையை அடக்கும் பெண் தெய்வம் வந்துவிட்டாள். எழுத்துக்கு முன் கல்லும் சுடுமண்ணும் கதையை மாற்றிவிட்டன. நூல் அந்த மாற்றத்துக்குச் சாத்திர அங்கீகாரம் தந்தது என்று சொல்லலாம்.

கதை ஒரு காட்டில் தொடங்குகிறது. நாட்டை இழந்த அரசன் சுரதன். சொத்துக்காக மனைவி மக்களால் விரட்டப்பட்ட வணிகன் சமாதி. இருவரும் மேதஸ் முனிவரின் ஆசிரமத்தில் சந்திக்கிறார்கள். அரசனுக்குத் தன் பட்டத்து யானைக்குத் தீனி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்ற கவலை. வணிகனுக்குத் தன்னைத் துரத்திய பிள்ளைகள் நலமா என்ற கவலை. அறிந்தும் விட முடியாத இந்தப் பற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறார்கள். மகாமாயையின் செயல் என்கிறார் முனிவர். அவள் யார் என்று விரியும் விடைதான் நூல். புராணங்களில் இத்தனை மனித நெருக்கமான முன்கதை அரிது.

விடை மூன்று சரிதங்களாக அமைகிறது. முதலாவதில் விஷ்ணுவின் யோக நித்திரையாக இருக்கும் தேவி அவரை விட்டு விலகிய பிறகே மது, கைடபர் என்னும் அசுரர்கள் கொல்லப்படுகின்றனர். இரண்டாவது மகிஷன் கதை. தேவர்கள் ஒவ்வொருவரிடமிருந்தும் கிளம்பிய ஒளி ஒன்றுகூடிப் பெண்ணாகிறது: சிவனின் ஒளி முகமாக, எமனின் ஒளி கூந்தலாக, விஷ்ணுவின் ஒளி கரங்களாக. இமயம் சிங்கத்தைத் தருகிறது. குபேரன் தருவது மதுக் கிண்ணம். போரின் உச்சத்தில் அவள் அந்த மதுவைப் பருகி, கண் சிவக்க, நான் குடித்து முடிக்கும்வரை கர்ஜித்துக்கொள் என்று அசுரனிடம் சொல்கிறாள். சாந்த சொரூபியாக மட்டும் அம்மனை வரைந்த பிற்கால நாட்காட்டிப் படங்களில் இந்தக் கிண்ணத்தைத் தேடினாலும் கிடைக்காது.

மூன்றாவது சரிதம் சும்பன், நிசும்பன் என்னும் அசுரர்களின் வதம். நூலின் பாதிக்கு மேல் இதுவே. பார்வதியின் உடற்கோசத்திலிருந்து கௌசிகி வெளிப்படுகிறாள். கௌசிகியின் நெற்றியிலிருந்து காளி தோன்றுகிறாள். ரக்தபீஜனின் ஒவ்வொரு சொட்டு ரத்தமும் இன்னொரு ரக்தபீஜனாக எழ, காளி வாயை அகல விரித்து ரத்தம் தரையில் விழாமல் குடித்துத் தீர்க்கிறாள். பிராமணி, மாகேசுவரி, கௌமாரி, வைணவி, வாராகி, நாரசிம்மி, ஐந்திரி எனச் சக்திகள் அணிவகுக்கின்றன. பிறர் பலத்தில் போரிடுகிறாய் என்று சும்பன் ஏளனம் செய்ததும் அத்தனை பேரும் தேவியின் உடலுக்குள்ளேயே மறைய, அவள் ஒருத்தியாக நிற்கிறாள். நூலின் கொள்கை முழுவதும் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. அங்கங்கே தனித்தனியாக வழிபடப்பட்ட ஊர்த் தேவியர், காட்டுத் தேவியர், மாத்ருகைகள் எல்லாரையும் ஒருத்தியின் வடிவங்கள் என்று சொல்வதற்கு இக்கதையமைப்பு இடம் கொடுத்தது. பதினோராம் அத்தியாயத்தில் தேவி தான் இனி எடுக்கப்போகும் வடிவங்களைச் சொல்கிறாள். விந்திய மலையில் வாழ்பவள், சாகம்பரி, பிராமரி என அப்பட்டியல் நீள்கிறது. புதிதாக ஒரு தலம் சேர வேண்டுமானால் வாசல் திறந்தே இருந்தது.

நூல் தன்னைப் படிக்க வேண்டிய நாள்களையும் தானே சொல்கிறது: அஷ்டமி, நவமி, சதுர்த்தசி, சரத் காலத்து ஆண்டுப் பெருவழிபாடு. இந்த விதியால்தான் புராணத்திலிருந்து பிரிந்து தனி ஏடாயிற்று. முன்னால் கவசம், அர்களம், கீலகம், பின்னால் மூன்று ரகசியங்கள் என்ற உறுப்புகள் சேர்ந்தன. மூன்று சரிதங்களுக்கும் மகாகாளி, மகாலட்சுமி, மகாசரஸ்வதி என்ற தேவதைகள் வகுக்கப்பட்டனர். முழுச் சுலோகமாக எண்ணினால் நூல் 600க்குள் அடங்கிவிடும். பேசுபவரைக் குறிக்கும் தொடர்களையும் அரைச் சுலோகங்களையும் தனித்தனி மந்திரமாகக் கொண்டு 700 ஆக்கினர். வேள்வித் தீயில் ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஓர் ஆகுதி விழ வேண்டுமே! எந்த வரியில் மந்திரம் முடிகிறது என்பது உரையாசிரியர்களுக்குப் பெரும் விவாதப் பொருள். காவிரிக் கரையில் பாஸ்கரராஜபுரத்தில் வாழ்ந்த 18ஆம் நூற்றாண்டுப் பாஸ்கரராயர் தம் குப்தவதி உரையில் இதை விரிவாக ஆராய்ந்தார்.

பரவல் சீராக இல்லை. பஞ்சாபில் சீக்கியர்களின் தசம் கிரந்தத்தில் சண்டி கதை போர்ப்பாட்டாயிற்று. வங்கத்தில் அது வீட்டுக்கு வீடு புகுந்தது. மகாளய அமாவாசை விடியலில் கல்கத்தா வானொலி 1930களின் தொடக்கம் முதல் ஒலிபரப்பி வரும் ‘மகிஷாசுரமர்த்தினி’ நிகழ்ச்சியில் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் சண்டிப் பாராயணம்தான் உயிர். 1976இல் அவருக்குப் பதில் நடிகர் உத்தம் குமாரின் குரலை வைத்தபோது நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். பழைய ஒலிப்பதிவே திரும்பி வந்தது. வங்கத்து மண் பிரதிமைகளுக்கும் நூலில் முன்னோடி உண்டு. கடைசி அத்தியாயத்தில் சுரதனும் சமாதியும் ஆற்று மணல் திட்டில் தேவியை மண்ணால் செய்து, தம் உடல் ரத்தத்தையே பலியாகத் தந்து, மூன்று ஆண்டு வழிபடுகின்றனர். அரசன் இழந்த நாட்டைக் கேட்டான். வணிகன் ஞானத்தைக் கேட்டான். இருவருக்கும் கேட்டது கிடைத்தது.

தமிழகத்தின் தேவி இந்நூலுக்காகக் காத்திருக்கவில்லை. எருமைத் தலைமேல் நிற்கும் கொற்றவையைச் சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி பாடிவிட்டது. ஏழாம் நூற்றாண்டு மாமல்லபுரத்தில் இரண்டு மரபும் அருகருகே இருக்கின்றன. ஆதிவராகக் குகையில் எருமைத் தலைமேல் நிற்கும் துர்கை. மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் சிங்கத்தின் மேலிருந்து வில் வளைக்கும் தேவி, எதிரே கதாயுதத்தோடு பின்வாங்கும் எருமைத் தலை அசுரன். திரௌபதி ரதத்தில் தேவியின் காலடியில் ஒருவன் தன் தலையை அரியத் தயாராகிறான். சுரதனின் ரத்தப் பலிக்கு இது அந்நியமல்ல. இன்று தமிழ் வீடுகளில் பாராயணம் என்றால் லலிதா சகஸ்ரநாமமும் அபிராமி அந்தாதியும்தான். சப்தசதி பெரும்பாலும் கோயிலில் நடக்கும் சண்டி ஹோமத்தின் வழியாகவே காதில் விழுகிறது. ஆனால் கதை வேறு வழியிலும் வந்து சேர்ந்திருக்கிறது. மகிஷன் எருமையாகவும் சிங்கமாகவும் யானையாகவும் உருமாறிப் போரிடுவது நூலின் மூன்றாம் அத்தியாயம். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில், விஜயதசமி இரவு கடற்கரையில் மகிஷாசுரனுக்கு யானைத் தலையும் சிங்கத் தலையும் எருமைத் தலையும் மாறி மாறிப் பொருத்தப்படுகின்றன. வேடமிட்டு வந்த காளிகளும் குரங்குகளும் குறவன் குறத்திகளும் சூழ்ந்து நிற்க, அம்மன் ஒவ்வொரு தலையாக வீழ்த்துகிறாள்.