அடங்கியதா, அடக்கியதா: புதுச்சேரியில் அமைதியின் சொற்கள்

முத்தியால்பேட்டையின் நெசவுத் தெருக்களில் அமைதி என்றால் முதலில் வருவது பயம்தான். தறிச் சத்தம் கேட்கிற வரைக்கும் ஒருத்தரும் அதைக் காதில் வாங்குவதில்லை. நின்றால்தான் கேட்கும். 'என்னா, தறி சும்மா கெடக்கு?' என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தால், பாவு வரவில்லை, கூலி இல்லை, அல்லது வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று பொருள். 'சும்மா' என்பது இங்கே பட்டினிக்குப் பக்கத்துச் சொல்.

இதே ஊரில், கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் நகரத்தில், 1930களில் ஒருவர் ஆங்கிலத்தின் அமைதிச் சொற்களைத் தரம் பிரித்து எழுதிக்கொண்டிருந்தார். அரவிந்தர். ஏழு வயதில் இங்கிலாந்து போய், லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் படித்து, 1893இல் திரும்பியவர். 1910இல் புதுச்சேரி வந்தவர். 1926 நவம்பரில் தனிமைக்குள் ஒதுங்கிய பிறகு சீடர்களோடு பெரும்பாலும் கடிதத்தில்தான் பேசினார். அக்கடிதங்களில் குவையட், காம், பீஸ், சைலன்ஸ் என்ற நான்கும் தனித்தனி நிலைகள். குவையட் என்றால் சஞ்சலம் இல்லாதிருப்பது, வெறும் இன்மை. காம் என்பது சஞ்சலம் வந்தாலும் தொட முடியாத நிலை. பீஸ் அதைவிட நிறைவானது, விடுதலையும் இசைவும் கலந்த ஓய்வு. சைலன்ஸ் என்பது மனம் அசையாதிருப்பது. அல்லது மேலே எது அசைந்தாலும் உள்ளே புக முடியாத பெரிய அசைவின்மை. ஆங்கிலேயர்கள் தங்கள் வீட்டில் மாற்றி மாற்றிப் போட்டுப் புழங்குகிற சொற்கள் இவை. இவற்றுக்கு இத்தனை கறாராக வரப்பு போட்டவர் ஒரு வங்காளி, அதுவும் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஒரு தமிழ் ஊரில் உட்கார்ந்துகொண்டு!

அவர் எழுதியது யோகத்தைப் பற்றி, தெருவைப் பற்றியல்ல. அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் சொல் அறையை விட்டு வெளியே வந்தே தீரும். பீஸை விட்டுவிடுங்கள். மற்ற மூன்றும், கூடவே ஸ்டில் என்பதும், ஆங்கிலத்தில் உருமாறாமலேயே பிறவினையாகிவிடும். நான் வாய் மூடி இருப்பதும் சைலன்ஸ், அடுத்தவன் வாயை மூடுவதும் சைலன்ஸ். செய்தவன் யார், செய்யப்பட்டவன் யார் என்பதைச் சொல்லின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தமிழில் அந்த வசதி இல்லை. அடங்கு, அடக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாவதற்குள் ஞானம் அடக்குமுறையாகிவிடுகிறது. ஒடுக்கம் என்று சித்தர் சமாதியைச் சொல்கிறோம். ஒடுக்குமுறை என்று எதைச் சொல்கிறோம் என்பது தெரிந்ததுதான். இதை வைத்துத் தமிழைத் தூக்கிக் கொண்டாட வேண்டியதில்லை. 'அடக்கம்' என்ற பெயர்ச்சொல்லுக்கு வந்ததும் நம் மொழியும் பூசி மெழுகுகிறது. அடங்கியதும் அடக்கியதும் அங்கே ஒன்றாகின்றன. பிணத்தைப் புதைப்பதும் அதே சொல். பொம்பளைக்கும் சேரிக்காரனுக்கும் அடக்கம் வேணும் என்று சொன்னவர்கள் இந்த மயக்கத்தில்தான் குளிர்காய்ந்தார்கள். 'சும்மா இரு' என்பதும் அப்படித்தான். அருணகிரிநாதர், தாயுமானவர், ரமணர் வரிசையில் அது ஞானத்தின் உச்சி. வீட்டில் அதையே மனைவியிடமும் பிள்ளையிடமும் சொல்கிறோம்.

1936 ஜூலைக்கு வருவோம். அந்த ஜூனில்தான் பிரான்சில் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து உரிமைகளை வாங்கியிருந்தார்கள். புதுச்சேரியின் பஞ்சாலைத் தொழிலாளர்களும் அதையே செய்தார்கள். எந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தார்கள். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் ஸ்ட்ரைக். 1768இல் லண்டன் மாலுமிகள் பாயை இறக்கிவிட்டுக் கப்பலை நிறுத்தியதிலிருந்து வந்த சொல் என்பார்கள். பிரெஞ்சில் கிரேவ், பாரீசில் வேலை தேடுகிறவர்கள் வந்து நின்ற ஆற்றங்கரைச் சதுக்கத்தின் பெயர். தமிழில் வேலைநிறுத்தம். நிற்றல் அல்ல, நிறுத்தம். சுத்தமான பிறவினை. கீழே இருந்தவன் பிறவினைக்கு எழுவாயான அபூர்வமான இடம் இது. யோகிக்கு வேண்டிய அசைவின்மை வேறு. இவர்கள் உட்கார்ந்திருந்தது வேறு. இது சும்மா இருப்பதை ஆயுதமாக்கியது.

ஜூலை 30 அன்று சவானா ஆலையில் ஆட்சியின் துப்பாக்கிகள் சுட்டன. 12 பேர் செத்தார்கள். பாரீசில் அப்போது இருந்தது லெயோன் புளூமின் இடதுசாரிக் கூட்டணி அரசு என்பதை மறந்துவிட வேண்டாம். வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த போராட்டம் அதோடு ஓயவில்லை. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு நம் செய்தித்தாள்கள் எழுதுகிற வாக்கியம் ஒன்று உண்டு: 'நகரில் அமைதி திரும்பியது.' அமைதி எங்கேயோ உலாவப் போயிருந்தது, தானாக வீடு வந்து சேர்ந்தது என்கிற மாதிரி. அடக்கு என்று எழுத வேண்டிய இடத்தில் அமைதியைக் கொண்டுவந்து உட்காரவைப்பது, ஆங்கிலத்தின் அந்த உருமாறாத வினைக்குத் தமிழில் கண்டுபிடிக்கப்பட்ட மாற்று.

சவானா பிறகு சுதேசி ஆலையானது, ரோடியர் ஏ.எஃப்.டி. ஆனது, கெப்ளே பாரதி ஆலையானது. மூன்றும் 2020இல் மூடப்பட்டன. சங்கு ஊதுவதில்லை. ஆனால் ஆலைக்காரர்கள் பேச்சில் அந்தப் 'பட்டன' கிடையாது. 'மூடிட்டானுங்க' என்றுதான் சொல்கிறார்கள்.