ஓராண்டு மருந்து

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என்பது அதன் வரிசை. வள்ளுவர் நோயாளியை முதலில் வைத்ததன் பொருத்தத்தை நம் காலத்தில் காட்டியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு.

காசநோய்க்கு மருந்தில்லாத நாளில் நல்ல காற்றும் பாலும் படுக்கையுமே சிகிச்சை. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் நிறுவிய நலவாழ்வகம் அவ்வழியில் எழுந்ததே. அதன் பெயரை அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் சுமந்து நிற்கின்றது. ஆயினும் கூலித் தொழிலாளி ஓராண்டு படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்? நோயாளிகளின் தொகைக்குப் படுக்கைகளும் போதவில்லை.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸும், 1952-இல் ஐசோனியசிடும் கிடைத்தன. வீட்டிலிருந்தே இவற்றை உண்டு பிழைக்க முடியுமா? இதனை அறியவே 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. மாநில அரசும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கைகோத்தன. தலைமையேற்றவர் வாலஸ் பாக்ஸ்.

ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை நலவாழ்வகத்தில் சேர்த்தனர். மறு பாதியை நெரிசல் மிக்க தம் வீடுகளிலேயே இருக்கச் செய்தனர். இரு சாராருக்கும் ஐசோனியசிடும் பாஸும் ஓராண்டு வழங்கப்பட்டன. 1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. நோய் அடங்கியோர் நலவாழ்வகத்தில் நூற்றுக்கு 92, வீட்டில் 86. நல்லுணவும் ஓய்வும் பெற்றோர்க்கும், அவை பெறாதோர்க்கும் இடையே வேறுபாடு இவ்வளவே! வீட்டில் உடனுறைந்தோர்க்கு இதனால் நோய்ப் பரவல் மிகவுமில்லை.

ஆனால் வீட்டுச் சிகிச்சை தானே நடந்துவிடவில்லை. பாஸ் வயிற்றைப் புரட்டும் மருந்து. சில வாரங்களில் இருமல் தணிந்ததும், 'குணமாகிவிட்டதே, இனி எதற்கு?' என்ற எண்ணம் எவருக்கும் எழும். (நம்மில் யார் மருந்துப் புட்டியைப் பாதியில் மூடி வைக்காதவர்?) அந்நிலையில் நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும், மருந்தை எதிர்க்கும் வலிமையும் பெறக்கூடும். எனவே மையத்தார் அறிவுரையோடு நில்லாமல், சிறுநீரைச் சோதித்தனர். முன்னறிவிப்பின்றி வீடு சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். குறளின் நான்காமவர் இங்கே தெருத்தெருவாக நடந்தார். வாரம் இருமுறை ஊழியர் கண்ணெதிரே மருந்து தரும் முறையையும் 1960-களில் இம்மையமே ஆய்ந்தது. பின்னர் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இவையெல்லாம் முன்னோடி.

இன்று மருந்துக்கு அடங்கும் காசநோய்க்குப் பெரும்பாலும் ஆறு மாதச் சிகிச்சை போதும். இடக்கொச்சியில் பிழைக்க வந்த நமக்கோ அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு பொங்கலும், ஊர்த் திருவிழாவும், ஒரு திருமணமும் வந்துவிடும். பெட்டி கட்டும் அவசரத்தில் மருந்து மறந்துபோகும். பயணத்தை மருத்துவமனையில் முன்கூட்டிச் சொன்னால், வழிக்கான மருந்தைக் கையில் கொடுப்பார்கள்; நீண்ட நாள் தங்குவதாயின் சிகிச்சைப் பதிவை ஊருக்கு அருகிலுள்ள அரசு மையத்துக்கே மாற்றித் தருவார்கள்.