'நைஸ்' கடந்து வந்த 700 ஆண்டுகள்

ஆங்கிலத்தில் ஒருவரை 'நைஸ்' என்று சொன்னால் கைகலப்பு வந்திருக்கக்கூடிய காலம் ஒன்று இருந்தது. 1300ஐ ஒட்டிப் பழைய பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் இங்கிலாந்துக்குள் வந்தபோது அதற்கு மடையன், ஒன்றும் அறியாதவன் என்று பொருள். மூலச்சொல் இலத்தீன் 'நெஸ்கியுஸ்'. 'ஸ்கீரே' என்றால் அறிதல்; முன்னால் ஒரு 'நெ' சேர்ந்தால் அறியாமை. அதே 'ஸ்கீரே'யிலிருந்து வந்ததுதான் 'சயின்ஸ்'. ஆக, நைஸும் சயின்ஸும் பங்காளிகள். பாகப்பிரிவினையில் ஒருவருக்கு அறிவும் மற்றவருக்கு அறியாமையும் போய்ச் சேர்ந்தன.

வசைச்சொல் எப்படிப் பாராட்டுச் சொல்லாயிற்று? ஒரே இரவில் அல்ல. அறிவற்றவன் என்ற பொருள் மெல்ல நகர்ந்து, கட்டுப்பாடற்றவன், பகட்டாக உடுத்துபவன் என்றாயிற்று. பகட்டாக உடுத்துபவன் மடிப்புக் கலையாமல் நடப்பவன். எதிலும் குறை காண்பவன். இந்த இடத்தில்தான் சொல் திரும்புகிறது. சாப்பாட்டில் நொட்டை சொல்பவனை நாம் இரண்டு விதமாக வருணிக்கலாம். பிடிக்காவிட்டால் 'எதுவும் இறங்காது அவனுக்கு' என்போம். பிடித்துவிட்டால் 'நாக்கு அவனுக்கு' என்போம். ஆள் ஒருவன்தான், சொல்பவரின் மனம்தான் வேறு. 'நைஸ்' அந்தச் சந்தில் புகுந்து நுட்பம், துல்லியம் என்ற பக்கம் வெளியே வந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளின் சில வாக்கியங்களில் எழுதியவர் எந்தப் பொருளில் எழுதினார் என்று சொல்வதே கடினம் என்கிறது ஆக்ஸ்போர்டு அகராதி. திட்டா, பாராட்டா என்றே தெரியாத சொல்!

இது அகராதிக்காரர்களின் தலைவலி மட்டுமல்ல. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' இங்கே பள்ளியில் நம் பிள்ளைகள் படிக்கும் நாடகம். அதன் ஐந்தாம் அங்கத்தில், ஜூலியட் உண்மையில் இறக்கவில்லை என்று ரோமியோவுக்குச் சொல்ல வேண்டிய கடிதம் போய்ச் சேர்வதில்லை. எடுத்துச் சென்ற துறவியைக் கொள்ளைநோய் பயத்தில் ஒரு வீட்டில் அடைத்துவிட்டார்கள். அதைக் கேட்டுப் பதறும் லாரன்ஸ் பாதிரியார் அந்தக் கடிதம் 'நைஸ்' ஆனதல்ல என்கிறார். இன்றைய காதுக்கு அது நயமற்ற கடிதம் என்று கேட்கும். அவர் சொல்வதோ அது அற்ப விஷயமல்ல என்பது. இரண்டு உயிர்கள் போகக் காரணமான கடிதம் அது. அந்த வரியைத் தவறவிட்டால் காட்சியே தவறிவிடும்.

1755இல் சாமுவேல் ஜான்சன் தமது அகராதியை வெளியிட்டபோது இந்தச் சொல்லுக்கு முதலில் தந்த பொருள் துல்லியம் சார்ந்தது. இனிமையான, பிடித்தமான என்ற இன்றைய பொருள் அந்த நூற்றாண்டில் பேச்சில் கிளம்பி, அடுத்த தலைமுறைக்குள் எங்கும் பரவிவிட்டது. அதற்கு நல்ல சாட்சி ஜேன் ஆஸ்டின். அவர் இறந்த பிறகு, 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' நாவலில் பாத் நகருக்கு வெளியே ஓர் உலாவல் காட்சி உண்டு. ஒரு நாவலை 'நைஸ்' புத்தகம் என்று காதரீன் சொல்ல, ஹென்றி டில்னி அவளைச் சீண்டுகிறான். பைண்டிங்கைச் சொல்கிறாயா என்கிறான். நாள் நைஸ், நடை நைஸ், பெண்கள் நைஸ், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லா என்று கேலி செய்கிறான். முன்பு அது செம்மை, நாசூக்கு போன்றவற்றை மட்டுமே குறித்திருக்கும், இப்போது எந்தப் பாராட்டுக்கும் அது ஒன்றே போதும் என்றாகிவிட்டது என்பது அவன் வாதம்.

சோம்பேறித்தனம் பற்றி டில்னி சொன்னது சரி. ஒரு சொல் எல்லா வேலையும் செய்தால் மற்ற சொற்களுக்கு வேலை போய்விடும். ஆனால் வரலாறு அவன் பக்கம் இல்லை. அவன் 'முன்பு' என்று சொன்னது அவனுடைய தாத்தா காலம். இன்னும் நானூறு ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், அந்த நாவலை மடத்தனமான புத்தகம் என்றல்லவா காதரீன் சொன்னதாக ஆகியிருக்கும்!

புலம்பெயர்ந்த நம் வீடுகளிலும் ஒரு டில்னி உண்டு. பெரும்பாலும் அப்பாதான். நாம் எந்த ஆண்டு விமானம் ஏறினோமோ அந்த ஆண்டின் தமிழே நமக்கு அசல் தமிழ். மகள் விடுமுறைக்குச் சென்னை போய் 'வேற லெவல்' என்று திரும்பி வந்தால் முகம் சுளிக்கிறோம். அன்று மாலையே கச்சேரியிலிருந்து வெளியே வந்து 'பிரமாதம்' என்கிறோம். வடமொழியில் 'பிரமாதம்' என்றால் கவனக்குறைவு, பிழை. மூலப்பொருளைப் பிடித்துக்கொண்டால், பாடகர் பாட்டை நன்றாகக் கெடுத்தார் என்று பாராட்டிவிட்டு வந்திருக்கிறோம். எதிர்த்திசைப் பயணமும் உண்டு: பழந்தமிழில் 'நாற்றம்' நறுமணத்தைக் குறித்தது. இன்று விருந்துக்குப் போன வீட்டில் அதைச் சொல்லிப் பாருங்கள்.

'நைஸ்' நம்மிடமும் வந்து குடியேறியிருக்கிறது, தனக்கென்று ஒரு வாழ்க்கையோடு. உளுந்தை நைஸாக அரைக்க வேண்டும், அரிசி கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கலாம் என்று பாட்டி சொல்லும்போது அந்தச் சொல், ஜான்சன் அறிந்த நுண்மையின் பக்கத்து வீட்டில் நிற்கிறது. இங்கே பிறந்த பேரன் அதைக் கேட்டு, மாவிடம் அன்பாக இருக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. பில் வரும் நேரத்தில் நைஸாக நழுவுகிறவர், நைஸ் பண்ணிக் காரியம் சாதிக்கிறவர் என்று வேறு ஆட்களும் இருக்கிறார்கள். இந்தத் தந்திரப் பொருள் ஆங்கிலேயருக்குப் புரியாது.

தமிழில் இதற்கு இணை தேடினால் எனக்குத் தோன்றுவது 'நயம்'. மளிகைக் கடையில் நயம் பருப்பு என்றால் உயர்தரம். நயமாகப் பேசு என்றால் பணிவு. விலை நயம் என்றால் மலிவு. கவிநயம் வேறு, நயவஞ்சகம் வேறு. நுண்மை, இனிமை, சூழ்ச்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ். உடனே 'நயம்தான் நைஸ் ஆயிற்று, ஆங்கிலத்தின் தாய் தமிழ்' என்று குடும்பக் குழுவில் ஒரு செய்தி கிளம்பலாம். தயவுசெய்து அதை முன்னனுப்பாதீர்கள். ஒலி ஒத்துப்போவது உறவாகிவிடாது. 'நெஸ்கியுஸ்' வந்த வழி பிரெஞ்சுக் கையெழுத்துப் பிரதிகளில் படிப்படியாகத் தெரிகிறது.

என் தொழிலிலும் இந்தச் சொல்லுக்கு ஒரு வேலை உண்டு. யூனிக்ஸ் இயங்குதளத்தில் 1970களிலிருந்து 'நைஸ்' என்றொரு கட்டளை இருக்கிறது. லினக்ஸில் அதன் மதிப்பு -20 முதல் 19 வரை. எண் கூடக் கூட அந்த நிரல் மற்ற நிரல்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். சாதாரணப் பயனர் தன் நிரலின் மதிப்பைத் தானே கூட்டிக்கொள்ளலாம். குறைக்க வேண்டுமானால் பொதுவாக 'ரூட்' அதிகாரம் தேவை. இரவுநேர பேக்கப் வேலைகளுக்கு நான் வழக்கமாக 19 கொடுப்பேன்.